பத்து முடிஞ்சிட்டு

இது நாலாவது சுற்றா ஐந்தாவது சுற்றா என்பது உலகம்மாளுக்குத் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது நாலு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முந்தின தடவை தாண்டும்போதும் நாலு என்றுதான் சொன்னாளோ? தொட்டி முதுகுக்குப் பின்னால் போன பிறகுதான் இந்தச் சந்தேகமெல்லாம் வரும், கொஞ்சம் முன்னாலேயே வந்தால் என்ன குறைந்தா போய்விடும். சரி, நாலு என்றே வைத்துக்கொள்வோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வளைவில் திரும்பினாள். மாசிப் பனியில் புல்லெல்லாம் நனைந்து, ஷூவின் முனை வழியாக ஈரம் விரலுக்கு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் இந்தக் கல்லூரி மைதானத்துக்கு விடிகாலை ஐந்தேகாலுக்கு வருகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம், அதில் பாதிப் பேர் நடக்கிறவர்கள், மீதிப் பேர் நடப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள். ஓடுகிற பெண்பிள்ளை இவள் ஒருத்திதான், நாற்பத்தெட்டு வயதில் பெண்பிள்ளை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால். தபாலாபீஸ் கவுண்டரில் நாள் முழுக்க ஸ்டாம்பையும் கவரையும் எண்ணி எண்ணிக் கொடுக்கிற விரல்கள்தான், அங்கே ஒன்று கூடாது, ஒன்று குறையாது. கால் ஓட ஆரம்பித்துவிட்டால் மட்டும் எண்ணிக்கை தலையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அது பற்றி அவள் இத்தனை வருஷம் கவலைப்பட்டதுமில்லை. ஏழு வருஷமாகத் தினம் பத்துச் சுற்று, ஏற்பாடு அப்படி. கூட ஓடுகிற ஜெபக்கனி எண்ணுவாள், உலகம்மாள் சாவிகளைச் சுமப்பாள். இரண்டு வீட்டுச் சாவியும் இவள் உள்ளங்கையில் ஒன்றோடொன்று உரசிச் சலங்கை மாதிரிக் கிலுங்கிக்கொண்டே வரும், தொட்டியைத் தாண்டும்போது பக்கத்திலிருந்து ஒரு எண் வரும். இப்போது கையில் ஒரே ஒரு சாவி. ஒற்றைச் சாவி சத்தம் போடாது என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐப்பசியிலிருந்து நாலு மாசம் இருந்தது.

நேற்று ராத்திரி ஜெபக்கனி போனில் சொன்னாள், “நாளைக்கு வாரேன்ட்டி. அவங்க ஸ்கூட்டர்ல கொண்டாந்து விடுதாங்களாம். ஓட மாட்டேன், படியில உக்காந்து நீ ஓடுதத பாப்பேன்.” அதைக் கேட்டதிலிருந்து உலகம்மாளுக்கு உறக்கம் இல்லை. சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி. ஜெபக்கனியிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நாலு மாசமாகச் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை எல்லாம் கைமீறிப் போய்விடும். சொன்னாலும் போய்விடலாம். மேற்குக் கேட் பக்கம் பார்த்தாள். ஸ்கூட்டர் வெளிச்சம் ஒன்றும் இல்லை, ஒரு நாய் மட்டும் கேட்டுக்கு நடுவில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அனுமதிச் சீட்டு கொடுக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

ஓட்டம் என்று ஆரம்பித்ததே ஒரு வீம்பில்தான். ஜெபக்கனிக்குச் சர்க்கரை என்று அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லி, நடங்க சிஸ்டர் என்றாராம். பக்கத்துத் தெரு, ஒரே பால் பூத், மழைக்கு ஒரே கடை ஓரத்தில் ஒதுங்கிய பழக்கம், அவ்வளவுதான் அப்போது இருவருக்கும். “தனியா நடந்தா எல்லாரும் நின்னு நலம் விசாரிக்காங்க, கூட வாரியாட்டி” என்று கேட்டாள். நடந்தார்கள். நடக்கிறபோது ரெண்டு காலேஜ் பையன்கள் தாண்டி ஓடிப்போய், “ஆன்ட்டி, லோடு வண்டியெல்லாம் ஓரமாப் போகணும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்கள். ஜெபக்கனி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவன்கள் பின்னால் ஓடினாள். பிடித்து நாலு கேள்வி கேட்கத்தான். பிடிக்க முடியவில்லை, ஆனால் ஒரு அரைச் சுற்று ஓடிவிட்டாள், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, “நம்மளால ஓட முடியுது பாத்தியா” என்றாள். மறுநாள் சுடிதாரோடு வந்தாள். தேவசகாயம் அண்ணன், அவள் வீட்டுக்காரர், ரெண்டு பேரும் கிளம்புவதைப் பார்த்து, ஒலிம்பிக்ஸ் எந்த ஊர்ல என்று கேட்டார். கேட்கட்டும். முதல் வருஷம் மழையில் மைதானம் குளமாகிப் பதினைந்து நாள் நின்றுபோனது, அப்போது கேலரிப் படியில் ஏறி இறங்கினார்கள். இரண்டாம் வருஷம் உலகம்மாளுக்குக் குதிகால் வலி. மூன்றாம் வருஷம் ஜெபக்கனியின் மாமியார் படுக்கையில் விழுந்து, ஐந்து மாசம் அவள் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வந்தாள், வந்தாலும் பத்தில் ஆறுதான். ஒவ்வொரு தடவையும் ஊரே சொன்னது, இத்தோடு முடிந்தது இவளுகள் ஓட்டம் என்று. முடியவில்லை. யாராவது ஒருத்தி மறுபடியும் ஐந்து மணிக்கு மற்றவள் வீட்டு ஜன்னலைத் தட்டிவிடுவாள். அந்தத் தட்டு இரண்டு தட்டு, இடைவெளி விட்டு ஒன்று. இன்று காலையில்கூட ஜன்னலில் ஏதோ தட்டிய மாதிரி இருந்து எழுந்து போய்ப் பார்த்தாள், பல்லி.

ஐந்தா ஆறா. தொட்டி வந்துவிட்டது, போய்விட்டது. ஆறு என்று சொன்னாள், வாயில் வந்ததைச் சொன்னாள். இதுதான் அவள் யோக்கியதை. எண்ணுவது என்றால் ஜெபக்கனி எண்ண வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் வேலை. வயிற்றைத் திறக்கிறதற்கு முன்னால் பஞ்சு எத்தனை, கத்தரி எத்தனை, ஊசி எத்தனை என்று எண்ணி வைக்க வேண்டும், மூடுகிறதற்கு முன்னால் திரும்ப எண்ண வேண்டும், கணக்குச் சரி என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் டாக்டர் தையல் போடுவார். நாலு வருஷம் முந்தி உலகம்மாளுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றது ஜெபக்கனிதான். மயக்கம் தெளிகிற நேரம், உலகமே ஈரத்துணி போட்டு மூடின மாதிரி இருந்தபோது, காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் வந்தது. “பஞ்சு இருவது, இருவதும் வெளிய வந்துட்டு. ஊசி, கத்தரி எல்லாம் சரி. ஒன் வயித்துக்குள்ள நான் ஒண்ணையும் மறந்து வைக்கல. பேசாம தூங்கு.” அம்மாகூட அவளை அப்படித் தூங்கச் சொன்னதில்லை. மூணு மாசம் கழித்து முதல்முதலாக மைதானத்துக்கு வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தாள், அவ்வளவுதான் முடிந்தது, அழுகை வந்தது. ஜெபக்கனியும் கூடவே நடந்தாள், ஓடத் தெரியாதவள் மாதிரி. தொட்டிக்கு வந்ததும், என்னமோ பத்து முடித்தவளிடம் சொல்கிற அதே குரலில், “ஒண்ணு” என்றாள். அந்த ஒண்ணு இன்றைக்கும் உலகம்மாளின் காதில் இருக்கிறது. தன் வயிற்றையே நம்பி யாரிடம் கொடுத்தாளோ அவளுடைய எண்ணிக்கையைத்தான் உலகம்மாள் தப்பு என்று சொன்னாள், அதுவும் வேண்டுமென்றே, பச்சைப் பொய்யாக.

மூச்சு இடுப்பில் குத்துகிறது. பைய ஓடு, பைய. மணற்குழி வருகிறது, நீளம் தாண்டுகிற பையன்களுக்காக வெட்டிய குழி, சுற்றிலும் செங்கல் பதித்திருக்கும், அதில் ஒரு செங்கல் மட்டும் மழைக்குப் பெயர்ந்து பல் விழுந்த இடம் மாதிரி இருக்கும். உலகம்மாள் தினமும் இந்த இடத்தில் நாலடி தள்ளி ஓடுவாள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம்தான் மகள் பூரணி கோயம்புத்தூர் காலேஜுக்கு ரயிலேறினாள். பெட்டியைத் தூக்கி வைத்து, ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்து, ரயில் நகர்கிற வரைக்கும் தலைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பற்றித்தான் பேசினாள், வேறு ஒன்றும் பேசத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, சனிக்கிழமை வந்தால் உண்டு, அந்த வாரம் அதுவும் இல்லை. வீட்டைத் திறந்து உள்ளே போனால் பூரணியின் பவுடர் வாசம் மட்டும் இருந்தது, கதவுக்குப் பின்னால் அவள் விட்டுப்போன துப்பட்டா. ராத்திரி பூரா ஃபிரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். காலையில் ஓடும்போது தேவலையாக இருந்தது. சாவிகள் கிலுங்குகின்றன, பக்கத்தில் ஜெபக்கனியின் தட் தட், அவள் மூக்கால் இழுத்து வாயால் விடுகிற மூச்சு, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அப்போது தொட்டி வந்தது. ஜெபக்கனி கையை இடுப்பில் வைத்து நின்று, “பத்து முடிஞ்சிட்டு” என்றாள். உலகம்மாள் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டாள், “ஒம்பதுதான்ட்டி.” எண்ணவே எண்ணாதவள் சொன்னாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னாள். “ஒம்பதா?” என்றாள் ஜெபக்கனி. “ஒம்பதுதான். நான் எண்ணுனேன்.” ஜெபக்கனியின் முகத்தில் ஒரு சின்னக் குழப்பம், சாம்பாரில் உப்புப் போட்டோமா இல்லையா என்று யோசிக்கிற மாதிரி. “வயசாகுதுல்லா” என்று சிரித்துவிட்டு ஓட ஆரம்பித்தாள். வீட்டில் பூட்டைத் திறக்கப் பயமாக இருக்கிறது, இன்னும் ஒரு சுற்று என்னோடு ஓடு என்று சொல்வதற்கு எத்தனை வார்த்தை? ஏழெட்டு இருக்குமா? அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பொய் சொல்லக் கூச்சமாக இல்லை.

இந்த இடம்தான். இதே மணற்குழி ஓரம். ஜெபக்கனியின் இடது கால் அந்தச் செங்கல் இல்லாத பள்ளத்தில் இறங்கியது, உடம்பு ஒரு பக்கம் போனது, முட்டி ஒரு பக்கம் போனது. காய்ந்த பனை மட்டையை ஒடிக்கிற சத்தம். அவள் கத்தவில்லை. மணலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, உலகம்மாளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள், “பத்து முடிஞ்சிருந்துச்சுல்லா உலகு?” வலிக்கிறது என்று சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, இதைக் கேட்டாள். உலகம்மாள், “நீ பேசாம இரு, நீ பேசாம இரு” என்றாள். அந்தக் கணம் சொல்லியிருக்கலாம். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டு நாலு மாசமாக ஓடுகிறாள்.

ஏழு. அல்லது எட்டு. கால் தன்பாட்டுக்குப் போகிறது, தொட்டி இப்போதுதான் போனதா, அது அடுத்த தொட்டியா. சொல்லாமல் இருந்ததற்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. ஆட்டுக்கால் சூப் வைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோவாள், வாசல் ஏறும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று இருக்கும். உள்ளே போனால் முட்டியில் தையல் போட்ட தழும்பு, அல்லது அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், அல்லது சபையிலிருந்து நாலு பேர் ஜெபம் பண்ண வந்திருக்கிறார்கள், ஜெபத்துக்கு நடுவில் நான் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது, அடுத்த ஜெபத்துக்கு அது அவர்களுக்கு வசதியாகப் போய்விடும். சூப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். ஆட்டுக்கு நாலு கால் என்றால் இவள் வைத்த சூப்புக்கு ஒரு மந்தையே நடக்க முடியாமல் போயிருக்கும். ஜெபக்கனி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நீ நிறுத்திராதட்டி. நீயும் நிறுத்துனா ரெண்டு பேருக்கும் போயிரும். நீ ஓடு, நான் வந்து சேந்துக்கிடுதேன்.” அதனால் ஓடினாள். கார்த்திகை மழையில் ஓடினாள், காய்ச்சலோடு ஒரு நாள் ஓடினாள். காலை ஆறரைக்கு ஜெபக்கனி போன் பண்ணுவாள். “எத்தன?” “பத்து.” தினமும் பத்து. ஏழாக இருந்திருக்கலாம், பதின்மூன்றாக இருந்திருக்கலாம், கால் வலித்த நாளில் நாலாகவும் இருந்திருக்கலாம், கடவுளுக்கே வெளிச்சம். ஒரு பொய் போதாதென்று நாலு மாசமாகத் தினப்படி ஒன்று. அந்தப் பத்தைக் கேட்டு அங்கே போனில் ஒரு சின்னப் பெருமூச்சு வரும், நல்ல பிள்ளை என்கிற மாதிரி. அந்தப் பெருமூச்சுக்காகவே மறுநாளும் பத்து என்றாள்.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். முந்தாநாள் ஜெபக்கனி பேசினது மட்டும் இல்லையென்றால். முட்டி ஆபரேஷனுக்கு அவளுடைய தியேட்டரிலேயே, அவள் இத்தனை வருஷம் நின்ற மேஜையிலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, காது மட்டும் முழித்திருந்தது. கூட வேலை பார்க்கிற பிள்ளை பஞ்சு எண்ணுவது கேட்டு, பழக்கதோஷம், இவளும் படுத்தபடியே எண்ணியிருக்கிறாள். அந்தப் பிள்ளை பதினைந்து என்றது, இவளுக்குப் பதினாலு வந்தது. ஒண்ணு குறையுது என்று படுத்துக்கொண்டே சத்தம் போட்டாளாம். மூன்று தடவை எண்ணிக் காட்டினார்களாம். பதினைந்துதான். “மயக்க மருந்துலன்னு டாக்டர் சொன்னாங்க. எனக்குல்லா தெரியும். அது அன்னைக்கு மைதானத்துலயே ஆரம்பிச்சிட்டுட்டி. ஒம்பத பத்துன்னு எண்ணுனேன் பாத்தியா, அங்கயே விட்டுப்போச்சு. இப்ப டியூட்டில சேந்து ஒரு வாரமாச்சு, ஸ்டூல் போட்டு உக்காந்துதான், ஒவ்வொண்ணையும் நாலு தடவ எண்ணுதேன், டாக்டரு தையல் போடாம என் மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்காரு. கணக்கு நிக்க மாட்டேங்கு. ஒருத்தி வயித்துல எதையாச்சும் விட்டுட்டேன்னு வையி. வேண்டாம். ஓ.பி.க்கு மாத்திருங்கன்னு மேட்ரன்ட்ட லெட்டர் குடுக்கப் போறேன். திங்கக்கிழம.” கூடவே, “நீதான் நல்லா எழுதுவ, சனிக்கிழம கொண்டாரேன், ஒருக்க படிச்சிப் பாரு” என்றாள். போனை வைத்த பிறகு உலகம்மாள் அடுப்படியில் நின்று, பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். முட்டி போனது விபத்து, செங்கல் பெயர்ந்ததற்கு அவள் பொறுப்பில்லை என்று ராத்திரிகளில் தனக்குத்தானே வாதாடிப் பார்த்திருக்கிறாள், ஓரளவு ஜெயித்தும் இருக்கிறாள். இதற்கு வாதமே இல்லை. அவளிடமிருந்து அவள் எண்ணிக்கையை எடுத்தது இவள்தான்.

ஆகவே சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது? ஜெபா, ஒரு விஷயம். வேண்டாம், அப்படிச் சொன்னால் யாருக்கோ மேலுக்குச் சரியில்லை என்று பதறுவாள். ஜெபா, அன்னைக்கு நீ எண்ணுனது சரிதான். ஏன் இத்தனை நாள் சொல்லல என்று கேட்பாள். அதற்கு என்ன பதில்? நீ என்னை விட்டுப் போயிருவியோன்னு. அதுதான் உண்மை, ஆனால் அதை ஒரு நாற்பத்தெட்டு வயசுக்காரி இன்னொரு நாற்பத்தெட்டு வயசுக்காரியிடம் எந்த முகத்தோடு சொல்வது? காதலைச் சொல்லுகிற காலேஜ் பிள்ளை மாதிரி. புருஷன் வாராவாரம் வருகிறார், மகள் தினமும் பேசுகிறாள், ஆனால் இவளுக்கு வேண்டியிருக்கிறது வலது பக்கம் ஒரு முழ தூரத்தில் அந்தத் தட் தட். கால்கள் இரண்டும் ஒரே தாளத்தில் விழும்போது ஒருத்திதான் ஓடுகிற மாதிரி இருக்கும், பிறகு தாளம் தவறி, ஆமாம் ரெண்டு பேர் என்று தெரியும். அந்தத் தெரிதல் வேண்டும். இந்த நாலு மாசமும் வலது பக்கம் இடம் விட்டே ஓடியிருக்கிறாள். நடக்கிற மனுஷர் யாராவது அந்த இடத்தில் குறுக்கே வந்தால் கோபம்கூட வந்தது. சொல்லாவிட்டால் ஜெபக்கனி ஓ.பி.யில் சீட்டு எழுதிக்கொண்டு, தன் தலையையே நம்பாமல், வயசாகிவிட்டது என்று தன்னைத்தானே ஒதுக்கி வைத்துக்கொள்வாள், ஆனால் இவளோடு இருப்பாள், சூப் குடிப்பாள். சொன்னால் எண்ணிக்கை அவளுக்குத் திரும்பிவிடும், இவளுக்கு அவள் இல்லாமல் போகலாம். ஒரு ஓரத்தில் ஒரு சின்ன அற்பக் குரல், சொல்லாதே என்றது. ஓ.பி. நல்ல வேலைதான், உட்கார்ந்து பார்க்கிற வேலை, முட்டிக்கும் நல்லது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் உலகம்மாள் வேகத்தைக் கூட்டினாள். சர்ச் மணி அடித்தது. கேட்டில் இருந்த நாய் எழுந்து நகர்ந்துகொண்டது. ஸ்கூட்டர் வெளிச்சம் மண்ணைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தது.

தேவசகாயம் அண்ணன் அவளை இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். ஜெபக்கனி ஒரு கையில் கம்பும் தோளில் பையுமாக, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துக் கேலரியின் முதல் படிக்கு வந்து உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். ஷூ போட்டிருந்தாள். ஓடப் போகாதவள் ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உலகம்மாள் பக்கத்தில் போய் நின்றாள், மூச்சு வாங்கியது.

“இந்தா, பிடி” என்று ஜெபக்கனி பழக்கத்தில் தன் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள். “எத்தன ஆச்சு?”

சாவியை வாங்கிக்கொண்டே உலகம்மாள் சொன்னாள், “தெரியாது.”

“தெரியாதுன்னா?”

“எனக்கு என்னைக்கும் தெரியாது. நாலு மாசமா ஒன்ட்ட பத்து பத்துன்னு சொன்னதெல்லாம் சும்மா.”

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கோட்டிக்காரி. எனக்கும் கணக்கு நிக்கல, ஒனக்கும் நிக்கல, நல்ல சோடி.” பையைத் திறந்து மடித்த தாளை எடுத்தாள். “இதப் படி. சுருக்கமா எழுதியிருக்கேன்.”

உலகம்மாள் தாளை வாங்கவில்லை. “ஜெபா, அன்னைக்கு பத்துதான்.”

“என்னைக்கு?”

“நீ விழுந்த அன்னைக்கு. பத்து முடிஞ்சிட்டுன்னு நீ சொன்னது சரிதான். நான் எண்ணவே இல்ல. பூரணி போயிட்டா, வீட்டுக்குப் போகப் பயமா இருந்துச்சு, இன்னும் ஒரு சுத்து ஒன்னோட ஓடணும்னு இருந்துச்சு. அதான் ஒம்பதுன்னுட்டேன்.” எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. “ஒனக்கு ஒண்ணும் தப்பல. நான்தான் பொய் சொன்னேன்.”

ஜெபக்கனி அந்த மணற்குழிப் பக்கம் பார்த்தாள். பிறகு முட்டியைத் தடவிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள், “இன்னும் ஒரு சுத்து ஓடுவோமான்னு கேட்டிருந்தா ஓடியிருப்பேன்லா?”

“ஆமா.”

“கேட்டிருக்கலாம்லா.”

உலகம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை வரவில்லை, கையில் இரண்டு சாவி. “நாலு மாசம், உலகு” என்றாள் ஜெபக்கனி. அவள் குரல் உடைந்தது, உடைந்தது அவளுக்கே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போ. ஓடு. வேர்வையோட நிக்காத, ஒடம்பு ஆறிரும்.”

ஓடச் சொன்னாளா, போகச் சொன்னாளா? உலகம்மாள் ஓடினாள், வேறு என்ன செய்வது. கால் இரண்டும் யாருடையதோ மாதிரி இருந்தன. சாவியை அவள் திருப்பிக் கேட்கவில்லை. மறந்திருப்பாள், கேட்பாள். கையில் இரண்டும் உரசிக் கிலுங்கின, நாலு மாசத்துக்குப் பிறகு அந்தச் சத்தம், அதைக் கேட்கக்கூட இப்போது உரிமை இல்லை என்று விரல்களை இறுக்கிக்கொண்டாள். இறுக்கினாலும் கேட்டது. முதல் வளைவில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்க்கவில்லை. கீழ்வானம் வெளுத்துவிட்டது, பந்து விளையாடுகிற பையன்கள் கல்லை அடுக்கி ஸ்டம்பு வைத்துக்கொண்டிருந்தான்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்வாள், சாவியை யாரிடம் கொடுத்தனுப்புவாள், இனி ஆறரைக்குப் போன் அடிக்காது. அடிக்காவிட்டால் ஆறரை என்பது எப்படி இருக்கும்? மணற்குழி வந்தது. இந்தத் தடவை தள்ளி ஓடவில்லை, பக்கத்திலேயே ஓடினாள், அந்தப் பல் விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டினாள். அப்புறம்தான் தைரியம் வந்து கேலரியைப் பார்த்தாள். படியில் ஆள் இல்லை. கேட்டைப் பார்த்தாள், ஸ்கூட்டரும் இல்லை. போயிருப்பாள். கம்பை ஊன்றித் தனியாகவே நடந்து போயிருப்பாள், அவள் ரோஷக்காரி. போகட்டும், போனாலும் எண்ணிக்கையைக் கையோடு கொண்டுபோயிருக்கிறாளே, அது போதும் என்று சொல்லிக்கொண்டாள். போதவில்லை. கடைசி வளைவு திரும்பியபோது கண்ணீரில் தொட்டி இரண்டாகத் தெரிந்தது, அதன் ஓரத்தில் ஒரு உருவமும் இரண்டாக.

ஜெபக்கனி தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், கம்பு ஒரு கையில், மறுகையில் மேட்ரனுக்கு எழுதிய லெட்டர். அந்த லெட்டரால் முகத்தில் மொய்க்கிற கொசுவை விரட்டிக்கொண்டிருந்தாள். படியிலிருந்து அந்த இருபதடியை எத்தனை நேரம் நடந்தாளோ, முகமெல்லாம் வேர்வை. கோபம் முகத்தில் அப்படியேதான் இருந்தது, ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. உலகம்மாள் நிற்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் வேகத்தைக் குறைத்தாள். ஜெபக்கனி நிற்கச் சொல்லவில்லை. அவள் தாண்டும்போது, டாக்டர் தையல் போடக் காத்திருக்கிற மேஜையில் சொல்கிற குரலில், மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

“ஒண்ணு.”

அதற்கு முன்னால் ஏழோ எட்டோ ஓடியிருந்தாள் உலகம்மாள். மறுத்துப் பேசாமல் அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள்.